வமிசாவளியில் விடுபட்டோரும் திருமணி வைத்தியசாலையும்

நமது சங்கத்தின் சார்பில் கேளம்பாக்கம், திருப்போரூர், கோவளம் முதலிய ஊர்களிலுள்ள நம்மவர் குடும்பங்களின் வமிசாவளிகளைத் தொகுக்கும் வேலை நடந்து வருவதை அங்கத்தினர்கள் அறிவார்கள். வந்து சேர்ந்த தாள்களை ஒழுங்கு செய்கையில் ஒரு விஷயம் நம் கண்ணிற் பட்டது. பழைய பாகப் பத்திரத்தில் நான்கு பிள்ளைகள் காணப்படும் வீட்டுக்கு, வமிசாவளியில் மூவரே காணப்படுகின்றனர். மற்றொரு தாளில் ஒரு பெண்மணியைக் குறித்து ‘ஊரை விட்டுப் போனது’ என்ற அளவில் எழுதி, பெயரும் இல்லாமல், கலியாணமும் மரணமும் குறியாமல் விடப்பட்டிருக்கிறது. வயது முதிர்ந்தோரைத் தனித்து விசாரித்தபோது, முதலில் தெரியாது என்றார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி, ‘பெருவியாதி, திருமணிக்கு அனுப்பிவிட்டார்கள்’ என்றார்கள். இத்தகைய வெற்றிடங்கள் ஒன்றிரண்டல்ல. ஆகையால் இந்தத் திருமணி என்பது யாது, அங்கே போனவர்கள் எதை அடைந்தார்கள் என்பதை நம்மவர் அறிதல் அவசியமெனக் கருதி இதனை எழுதலானோம்.

இன்று கேளம்பாக்கத்தில் வசிக்கும் ஒருவருக்கு வைத்திய வசதியில் பெருங்குறை சொல்ல இடமில்லை. சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையம் ஊரிலேயே இருக்கிறது. செட்டிநாடு மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் பழைய மாமல்லபுரம் சாலையையொட்டி உயர்ந்து நிற்கின்றன. 2008ஆம் வருஷம் முதல் 108 என்ற எண்ணுக்குச் சொன்னால் வண்டி வாசலுக்கு வருகிறது. செங்கற்பட்டில் 1965 முதல் மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. அவ்வூர் 2019 நவம்பர் 29 முதல் தனி ஜில்லாவின் தலைநகரமும் ஆயிற்று. நம் பாட்டனார் காலத்து நிலைமை வேறு. உப்பளத்து வேலையில் கால் வெட்டுண்டவனும், பிரசவ வேதனைப்படுபவளும் பக்கிங்ஹாம் கால்வாயில் தோணியேறியோ, மாட்டு வண்டியிலோ சென்னைக்குப் போகவேண்டும். அல்லது திருப்போரூர் வழியாக மேற்கே திரும்பிச் செங்கற்பட்டு சேரவேண்டும். அந்தப் பிரயாணத்துக்கும் அருகரல்லாதவராக ஒரு வகை நோயாளிகள் இருந்தனர். அவர்களே தொழுநோய் கண்டவர்கள்.

இது வெறும் ஊர் வழக்கமன்று. சட்டமே அப்படி இருந்தது. 1898ஆம் வருஷத்துக் குஷ்டரோகிகள் சட்டமானது, அது அமுலாக்கப்பட்ட பிரதேசங்களில், இந்நோயுடையார் விற்பனைக்கு உணவு பண்டம் தயாரித்தலையும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுத்தலையும், ரயில் நீங்கலாக வாடகை வண்டிகளில் ஏறுதலையும் தடுக்க இடந்தந்தது. பிச்சையெடுத்துத் திரியும் ஏழை நோயாளியைப் பிடித்து விடுதியில் அடைக்கவும் போலீசாருக்கு அதிகாரம் அளித்தது. ஏழையைத்தான் பிடிக்கலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். வசதியுடையோர் வீட்டு நோயாளி பின்கட்டு அறையில் இருப்பார். வசதியில்லாதவர் சாலையில் இருப்பார். இச்சட்டம் முற்றிலும் நீக்கப்பட்டது 2016இல்தான்.

சொத்து விஷயமும் இதிற் சேர்ந்தது. கடுமையான குஷ்டமுடையவன் பிதிரார்ஜிதத்தில் பங்கு பெறலாகாதென்று பழைய தர்மசாஸ்திர வழக்கை ஒட்டிக் கோர்ட்டுகள் தீர்ப்பளித்து வந்தன. 1928ஆம் வருஷத்து இந்து வார்சுரிமைத் தடை நீக்கச் சட்டம் வந்த பிறகே, மிதாட்சர முறையைப் பின்பற்றுவோரிடை, வியாதி காரணமாக மட்டும் ஒருவனைப் பங்கிலிருந்து விலக்குதல் ஆகாதென்று ஏற்பட்டது. பத்திரத்தில் நால்வரும் வமிசாவளியில் மூவரும் காணப்படுவதன் சூக்ஷ்மம் சில வீடுகளில் இங்கேதான் இருக்கிறதென்று நாம் சந்தேகிக்கிறோம். நோயைக் கண்டு அஞ்சியதோடு நிலத்தைக் கண்டு ஆசைப்பட்டதும் உண்டு. இதைச் சொல்வதால் நம்மீது சிலருக்கு வருத்தம் உண்டாகலாம், உண்டாகட்டும்.

இனி நோயின் இயல்பைச் சிறிது சொல்வோம். இது பூர்வ ஜன்மப் பாபத்தால் வருவதென்றும், இரத்தத்தோடு பிள்ளைகளுக்கு இறங்குவதென்றும் நம் முன்னோர் நம்பினர். இதற்குக் காரணமான கிருமியை 1873இல் நார்வே தேசத்து வைத்தியர் ஹான்சன் கண்டறிந்தார். அக்கிருமி தோலையும் நரம்பையும் பற்றும். தோலில் வெளுத்தோ சிவந்தோ தேமல் தோன்றி, அவ்விடத்தில் உணர்ச்சி குன்றும். கிருமி உடலிற் புகுந்து குறி காட்டப் பல வருஷங்கள் செல்லும். மனிதரில் மிகப் பெரும்பாலோர்க்கு இயற்கையாகவே இதை எதிர்க்கும் சக்தி உண்டு. பிள்ளைகளுக்குப் பரம்பரையாக இறங்குவது அன்று. எனினும் மருந்து இன்னதென்று திட்டமாகத் தெரியாதிருந்த காலத்தில் இந்த அறிவு மாத்திரம் ஊராரின் அச்சத்தைக் குறைக்கவில்லை.

செங்கற்பட்டையடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் வைத்தியசாலை ஏற்பட்டது 1920களின் நடுவில். 1919 முதல் 1924 வரை சென்னைக் கவர்னராயிருந்தவரின் மனைவியார் பெயர் அதற்கு இடப்பட்டது. அக்காலத்தில் கட்டடங்களுக்குக் கவர்னர்களின் மனைவிமார் பெயரிடுதல் வழக்கம். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்தவர்கள் அதன் நிர்வாகத்தைப் பார்த்து வந்தார்கள். ஆரம்பத்தில் அங்கே கையாண்ட முக்கிய மருந்து நம் நாட்டு நீரடிமுத்து எண்ணெயின் இனத்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும் மரத்தின் விதையிலிருந்து எடுக்கப்படுவது. சித்த வைத்தியர்களும் தொன்றுதொட்டு அறிந்தது. மேனாட்டு டாக்டர்கள் அதை ஊசி மூலம் தோலுக்குள் செலுத்தினார்கள். கெட்டியான எண்ணெயை வாரந்தோறும் பல இடங்களில் குத்தி ஏற்றுவதென்றால் அதன் வலியை எண்ணிப் பார்க்கலாம். சிலருக்கு ஆரம்ப நிலையில் குணம் கண்டது. முற்றியவர்களுக்குப் பயன் அற்பமே. ஆயினும் நோயாளிகள் அங்கே போனார்கள். உண்ணச் சோறும், படுக்க இடமும், தொட்டுப் பார்க்கும் டாக்டரும் வேறு எங்கே கிடைத்தன?

1930களில் இவ்வைத்தியசாலைக்குத் தலைவராக வந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமையையும் வகித்த இவர், திருமணியை உலகம் அறியும்படி செய்தார் என்பது மிகையன்று. 1941இல் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரிலுள்ள வைத்தியசாலையில் ஸல்போன் இனத்து மருந்தொன்று இந்நோய்க்கு முதலில் கொடுத்துப் பார்க்கப்பட்டது. அது விலையுயர்ந்தது, அடிக்கடி இரத்தக் குழாய் வழியே ஏற்றவேண்டியது. நம் நாட்டு ஏழை நோயாளிக்கு அது ஏட்டுச் சுரைக்காய். அந்த இனத்தின் மூலப் பொருளான டாப்ஸோன் மலிவானது. ஆனால் நஞ்செனக் கருதி எல்லோரும் ஒதுக்கியிருந்தனர். அளவைக் குறைத்து எண்ணெயிற் கலந்து ஊசி மூலம் கொடுத்தால் உடம்பு தாங்கும் என்பதை 1940களின் பிற்பகுதியில் துணிந்து பார்த்தவர்களுள் காக்ரேன் முக்கியமானவர். பின்னர் அம்மருந்து மாத்திரையாகவே வழங்கலாயிற்று. மலிவான அந்த மாத்திரையே முப்பது வருஷ காலம் உலகெங்கும் தொழுநோயாளிகளைக் காத்தது. நம் வீடுகளில் பெயர் அழிக்கப்பட்டவர்களைப் போன்றவர்களின் உடம்பிலேதான் இம்மருந்தின் அளவு கண்டறியப்பட்டது என்பதை மறத்தல் தகாது.

இன்னொரு சம்பவமும் திருமணியைச் சார்ந்ததே. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோர்க்கு 1914இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946இல் வேலூருக்கு அறுவை வைத்தியராக வந்தார். காக்ரேன் அவரைத் திருமணிக்கு அழைத்துவந்து வைத்தியசாலையைச் சுற்றிக் காட்டினார். விரல் மடங்கி முடங்கிய ஒரு நோயாளியின் கையைப் பிராண்ட் பற்றி, தம் கையை அழுத்தச் சொன்னார். செத்துப்போன கையென்று நினைத்ததற்கு மாறாக, நோவெடுக்கும்படி வலுவாக அது அழுத்தியது. சில நரம்புகள் கெட்டாலும் மற்றச் சதைகள் உயிரோடிருக்கின்றன. நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்தால் மடங்கிய விரலை நிமிர்த்தலாம் என்ற எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது. வேலூரில் அவரும் அவர் கூட்டத்தாரும் அவ்வாறே செய்து காட்டினார்கள். விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை. உணர்ச்சியற்ற கை, சூட்டையும் வெட்டையும் அறியாமற் புண்ணாகித் தேய்கிறது என்பதையும் அவர் எடுத்துரைத்தார். அடுப்பிலிருந்து சட்டியை வெறுங்கையால் இறக்கும் ஒருத்தியைக் கண்டு, அவளைக் கைவிடுவதற்குப் பதிலாகப் பிடிதுணி கொடுக்கவேண்டும் என்பதே அவர் கண்டறிந்ததன் வீட்டு மொழி.

வெள்ளைக்கார டாக்டர்களை மாத்திரம் சொல்லி நிறுத்துதல் நியாயமாகாது. டி. என். ஜகதீசன் என்ற தமிழர் இளமையிலேயே இந்நோய்க்கு ஆளானவர். ஆங்கில இலக்கியத்தில் தேர்ந்து, வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைப் பதிப்பித்தவர். தமக்கு இந்நோய் உண்டென்பதை ஒளியாமல், காக்ரேனோடு சேர்ந்து வாழ்நாள் முழுவதும் தொழுநோய்ப் பணியில் ஈடுபட்டார். பத்மஸ்ரீ பட்டமும் பெற்றார். காந்தியடிகள் தமது நிர்மாணத் திட்டத்திலே தொழுநோயாளர் சேவையையும் ஓர் அங்கமாகச் சேர்த்ததும், சேவாக்கிராமத்தில் பர்ச்சூரே சாஸ்திரியாரின் புண்களைத் தம் கையால் கழுவியதும் யாவரும் அறிந்தன. அடிகள் மறைந்த ஜனவரி 30 இந்நாட்டில் தொழுநோய் எதிர்ப்பு தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது.

1955இல் மத்திய சர்க்கார் திருமணி வைத்தியசாலையை ஏற்று, மத்திய தொழுநோய் போதனை ஆராய்ச்சி நிலையம் ஆக்கினார்கள். டாப்ஸோன் ஒன்றையே நெடுநாள் கொடுத்ததால் கிருமி அதற்குப் பணியாத தன்மை பெற்றது. அதனால் உலக சுகாதார நிறுவனம் 1981இல் நிபுணர்களைக் கூட்டி ஆராய்ந்து, ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்ஸோன் என்னும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையைச் சிபாரிசு செய்தது. இன்று நோயின் அளவுக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உட்கொண்டால் நோய் தீர்கிறது. மருந்து தொடங்கிய சிறிது நாளிலேயே பிறருக்குத் தொற்றும் தன்மை நின்றுவிடுகிறது. இம்மருந்து சர்க்கார் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இனாமாகக் கிடைக்கும். கேளம்பாக்கத்தார் இதற்காக ஊரை விட்டுப் போகவேண்டியதில்லை. முடங்கிய கைக்குச் சஸ்திர சிகிச்சை, புண்ணுள்ள காலுக்கு ஏற்ற செருப்பு முதலியவற்றுக்குத் திருமணி உண்டு. குணமடைந்தும் ஊனமுற்றோர் 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஒரு வகையாகக் குறிக்கப்பட்டிருக்கிறார்கள்.

பதினாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே நோய் இறங்கிவிட்டதென்று இந்தியா 2005இல் அறிவித்தது. அதைக் கேட்டு நோயே ஒழிந்ததென்று பலர் எண்ணிவிட்டார்கள். 2023ஆம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் 1 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் புதிதாக இந்நோய் காணப்பட்டது; உலகில் காணப்பட்டவர்களில் பாதிக்கு மேல் இந்நாட்டினரே. தேமலை ஜாக்கெட்டுக்குள்ளும் வேஷ்டிக்குள்ளும் மறைத்து, கலியாணம் முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. காத்திருக்கும் மாதங்களிலேதான் நரம்பு கெடுகிறது. மருந்து கிருமியைக் கொல்லும். நெடுநாள் கெட்ட நரம்பை மீட்டுத் தராது.

கலியாணத்தைச் சொன்னோம். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் இருப்பது விவாக விடுதலைக்குக் காரணமாகும் என்று 1955ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டத்தில் இருந்த விதி, 2019இல் பார்லிமெண்டு இயற்றிய திருத்தச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதனையும் சேர்த்து ஐந்து தனிச் சட்டங்களில் இவ்வகை விதிகள் எடுபட்டன. ஆனால் நம்மவர் பெண் கொள்ளுகையிலும் கொடுக்கையிலும் செய்யும் விசாரணை பார்லிமெண்டைக் கேட்டு நடப்பதில்லை. ‘அந்த வீட்டில் ஏதோ உண்டாமே’ என்ற ஒரு சொல் போதும். இரண்டு தலைமுறைக்கு முன் திருமணிக்குப் போன ஒரு பெரிய பாட்டனாருக்காக இன்று பேத்தியின் சம்பந்தம் கலைகிறது. மன நோய் விஷயத்திலும் இதுவே கதை. கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கோவளத்தில் தி பேன்யன் என்னும் தர்ம ஸ்தாபனத்தார் மனநலம் குன்றியவர்களுக்கு வைத்தியமும் தங்க இடமும் அளித்து வருகின்றனர். அங்கே வருவோரைப் பற்றியும் நம் வீடுகளில் குரலைத் தாழ்த்தியே பேசுகிறோம்.

ஆகவே வமிசாவளிக் கமிட்டியின் சார்பாக ஒரு வேண்டுகோள். விடுபட்ட பெயர்கள் தெரிந்தவர்கள் அவற்றைக் கமிட்டிக்கு எழுதி அனுப்பவேண்டும். உயிரோடிருப்பவர்களைக் குறித்த செய்தியை அவர்கள் சம்மதமின்றி அச்சிடமாட்டோம். காலஞ்சென்றவர்களைப் பொறுத்தவரை, உடன்பிறந்தாருக்கு நேரே அவர்களுக்குரிய வரிசையில், வியாதியின் பெயர் இன்றி, மற்றவர்களைப் போலவே அவர்கள் பெயரையும் பதிப்போம். ஆரம்பத்தில் சொன்ன ‘ஊரை விட்டுப் போனது’ என்ற பெண்மணியின் விஷயத்தில், இரண்டாம் முறை போய்க் கேட்டபோது அந்த வீட்டு மூதாட்டியார் பெயரைச் சொல்லிவிட்டார். அவருக்கு அது சின்ன அத்தை. இரண்டாவது அண்ணனுக்கும் கடைசித் தம்பிக்கும் நடுவே அப்பெயரை எழுதியிருக்கிறோம். காலமான வருஷம் இன்னும் கிடைக்கவில்லை.