ஸ்ரீபுரம் ஆய்வு
தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960களின் தொடக்கத்தில் நடத்திய களஆய்வு. ‘ஸ்ரீபுரம்’ என்பது ஊரின் அடையாளத்தை மறைக்க அவர் இட்ட புனைபெயர். ஆய்வின் அடிப்படையில் எழுதிய ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’ என்னும் ஆங்கில நூல் 1965இல் வெளிவந்தது.

முறை: ஊரிலேயே தங்கி, மக்களோடு பழகித் தகவல் திரட்டுவது பங்கேற்பு உற்றுநோக்கல் எனப்படும். பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கினார். அதனால் சேரி மக்களோடு தாராளமாகப் பழக முடியவில்லை. ஆய்வாளர் குடியிருக்கும் தெருவும் அவருக்குக் கிடைக்கும் தகவலைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது சான்று.

கருத்து: சமூகத்தில் மக்கள் மேல், கீழ் எனப் படிநிலைகளாகப் பிரிந்திருப்பது சமூக அடுக்கமைவு. ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரைப் பின்பற்றி, பெத்தேய் அதன் மூன்று கூறுகளைத் தனித்தனியே ஆராய்ந்தார்: சாதி, நிலவுடைமை சார்ந்த வர்க்கம், அரசியல் அதிகாரம்.

முடிவு: முன்பு மூன்றும் பெரும்பாலும் பிராமண நிலக்கிழார்களிடமே குவிந்திருந்தன. நில விற்பனை, நகர வேலை, வாக்குரிமை, ஊராட்சித் தேர்தல், கட்சி அரசியல் ஆகியவற்றால் அந்தப் பிணைப்பு தளர்ந்தது. அதிகாரம் பிராமணரல்லாதாரிடம் நகர்ந்தது. ஆதிதிராவிடர் பெரும்பாலும் நிலமற்ற கூலிகளாகவே நீடித்தனர்.

ஒப்பிடுக: மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1950களில் இதே மாவட்டத்தில் நடத்திய கும்பபேட்டை ஆய்வு.