முதுகுவலியும் படுக்கை வைத்தியமும்

முதுகு பிடித்துக்கொண்டால் "அசையாமல் படு" என்பதுதான் மருத்துவர்கள் நெடுங்காலம் சொல்லிவந்த யோசனை. அது சரிதானா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

ஓய்வுக்கு இவ்வளவு மதிப்பு வந்தது 19-ஆம் நூற்றாண்டில். லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860 முதல் 1862 வரை ஓய்வின் குணமாக்கும் சக்தியைப் பற்றித் தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ், மூட்டு நோய்களுக்கு நீண்ட, இடைவிடாத ஓய்வை வலியுறுத்தினார். அந்த விதி நாளடைவில் சாதாரண முதுகுவலிக்கும் வந்து சேர்ந்தது.

1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் ஒரு முக்கியமான கட்டுரை வெளியிட்டார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் கிழிந்து பிதுங்கி நரம்பை அழுத்தினால், வலி காலுக்கு இறங்கும் என்று காட்டினார்கள். அதுவரை அந்தப் பிதுக்கத்தைக் கட்டி என்றே பலர் நினைத்திருந்தார்கள். கண்டுபிடிப்பு சரியானதுதான். ஆனால் அதன்பின் எந்த முதுகுவலிக்கும் டிஸ்க்கின் மீதே பழி விழுந்தது. பிதுங்கியது மேலும் பிதுங்காமல் இருக்க, மறுபடியும் படுக்கை!

1986-இல் ரிச்சர்ட் டியோ குழுவினர் டெக்சாஸில் இதை நேரடியாகச் சோதித்தார்கள். 203 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரை 2 நாளும் மற்றவர்களை 7 நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். குணமானதில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் 7 நாள் பிரிவினர் சராசரியாக 5.6 வேலை நாட்களை இழந்தார்கள். 2 நாள் பிரிவினர் இழந்தது 3.1 நாள் மட்டுமே. உழைத்தால்தான் சாப்பாடு என்றிருப்பவருக்கு இரண்டரை நாள் கூலி சின்ன விஷயமல்ல.

1995-இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. படுத்தவர்களையும் தனிப் பயிற்சி செய்தவர்களையும் விட, தாங்கும் அளவுக்கு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

டிஸ்க் பயத்துக்கும் ஒரு பதில் கிடைத்தது. 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தது 36 சதவீதம் பேருக்கு மட்டுமே! ஆக, படத்தில் தெரியும் பிதுக்கமெல்லாம் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

கால் பலமிழப்பது, மரத்துப் போவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது, காய்ச்சல் போன்றவை இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றபடி பெரும்பாலான முதுகுவலிக்கு இன்றைய மருத்துவத்தின் அறிவுரை, முடிந்தவரை நடமாடுங்கள் என்பதே.

மருந்து என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். படுக்கையும் ஒரு மருந்துதான் என்று புரிந்துகொள்ளத்தான் நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று.