உபகாரமும் உரிமையும்: தீவக மாணவரும் உயர்கல்வி உதவியும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் கல்வி வரலாற்றை ஆராய்வோர் பாடசாலைகளின் தோற்றத்தை மட்டும் நோக்கி அமைதல் போதாது. கற்போனுக்குச் சோறிட்டவர் யார், அதற்கு அவர் எதனைக் கைம்மாறாகப் பெற்றார் என்பவையும் ஆராயத்தக்கனவே.

அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, மாணவர்க்கு உணவும் உறையுளும் அளித்தது. ஆனால், அச்செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்கள் மாணவர் பலருக்குச் சூட்டப்பட்டன. கல்வி கிடைத்தது, தாய்தந்தையர் இட்ட பெயர் போயிற்று. ஈவோரின் விருப்பில் தங்கிய உதவியின் இயல்பு அது.

இந்நிலையை மாற்றியது இலவசக் கல்வியே. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளியாயிற்று. 1945 ஒக்டோபரில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதனை விவாதித்த அரசாங்க சபையின் சபாநாயகராக வீற்றிருந்தவர், ஊர்காவற்றுறைத் தொகுதியின் பிரதிநிதியான வேலணை சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி ஆவர். தீவகத்தார் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தி இது.

எனினும், கட்டணம் நீங்குதல் வேறு. வயிறு நிறைதல் வேறு. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் கொழும்பில் தோன்றி, 1952 இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. இரண்டும் தீவகத்துக்குத் தொலைவே. 1974 இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது தூரம் குறைந்தது, செலவு அற்றுவிடவில்லை. நெடுந்தீவு மாணவன் குறிகட்டுவான் வரை படகிலும், அப்பால் பேருந்திலும் செல்லவேண்டியவன். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. எனவே அவனுக்கு அறையும் உணவும் நகரிலேயே வேண்டும்.

இக்குறையை நோக்கியே 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தால் மகாபொல நம்பிக்கை நிதியம் அமைந்தது. அதன் மூலவர் அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி. கண்காட்சிகளாலும் லொத்தர் சீட்டுகளாலும் திரட்டிய பணம் மாணவர் கைக்கு வந்தது. மகாபொல பெறாத வறியோர்க்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் உதவிப்பணம் துணையாயிற்று. மகாபொலவின் மாதத்தொகையை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்த 2025 ஆம் ஆண்டின் வரவு செலவுத்திட்டம் முன்மொழிந்தது.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. வறுமையை எவ்வாறு அளப்பது? உத்தியோகத்தரின் வருமானத்தைச் சம்பளச்சீட்டு காட்டும். சோளகத்திலும் வாடையிலும் மாறி மாறி ஏறியிறங்கும் கடற்றொழிலாளியின் வருமானத்தைக் காட்டும் சீட்டு எது? கிராம அலுவலரின் சான்றில் ஒரேயொரு தொகைதான் எழுதப்படும். அது நல்ல மாதத்தின் தொகையாயின் மகனின் தேவை மறைந்துபோகும்.

வட்டுக்கோட்டை மாணவன் உதவிக்காகப் பெயரை இழந்தான். இன்றைய மாணவன் பெயரை இழப்பதில்லை. தன் வறுமையை நிறுவும் சுமையை மட்டும் சுமக்கின்றான். உபகாரம் உரிமையாக மாறிய வரலாறு நமது பெருமை. அவ்வுரிமை படகேறி வருவோனையும் தவறாது சென்றடையும்போதே அவ்வரலாறு நிறைவெய்தும்.