சுவரில் நிற்கும் பெண்கள்

மோனா லிசாவின் புன்னகையைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். புன்னகைத்த பெண்ணைப் பற்றிக் கேட்டால் பலருக்கும் பேச்சு நின்றுவிடும். அவர் பெயர் லிசா கெரார்தினி. 1479இல் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தவர். பதினைந்து வயதில் பட்டு வணிகர் பிரான்செஸ்கோ தெல் ஜொகோண்டோவுக்கு மனைவியானார். 1503 வாக்கில் லியோனார்டோ டாவின்சி வரையத் தொடங்கிய அந்த ஓவியம் லிசாவின் வீட்டுக்குப் போய்ச் சேரவே இல்லை. ஓவியரோடு பிரான்சுக்குப் போய், அரசரின் உடைமையாகி, இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 'லா ஜொகோண்டா' என்னும் அதன் மற்றொரு பெயரும் கணவரின் குடும்பப் பெயரைப் பெண்பாலாக்கியதுதான்.

இது எங்கோ இத்தாலியில் நடந்த கதை என்று நாம் விலகிக்கொள்ள முடியாது. திருவாடானையில் பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் நிற்கலாம். கிழவன் சேதுபதி கட்டிய மாளிகை அது. அவருக்குப்பின் 1710 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜயரகுநாத சேதுபதி அதன் சுவர்களை ஓவியங்களால் நிறைத்தார். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர், ஐரோப்பியர் வந்து காணும் காட்சி, இராமாயணக் கதை எல்லாம் அங்கே உண்டு. அந்தப்புரப் பெண்களும் உண்டு.

சேதுபதியை எந்தக் காட்சியிலும் அடையாளம் காண முடிகிறது. அவரைச் சூழ்ந்த பெண்களை அப்படிக் காண முடியவில்லை. ஒரே நீண்ட கண், ஒரே மூக்கு, ஒரே இடை. மரபு ஓவியத்தில் முகச்சாயல் தேடக்கூடாது என்பார்கள். சரிதான். ஆனால் அதே மரபுதான் மன்னரை மட்டும் தனித்துக் காட்டவும் வழி வைத்திருக்கிறது. யாரைத் தனித்துக் காட்டுவது, யாரைக் கூட்டமாக்குவது என்பதை மரபு தானாக முடிவுசெய்வதில்லை. வரையச் சொன்னவர் முடிவுசெய்கிறார்.

ஐரோப்பிய ஓவியத்தில் பெண், பார்க்கும் ஆணுக்காகத் தீட்டப்படுகிறாள் என்று ஜான் பெர்ஜர் 1972இல் எடுத்துக்காட்டினார். அந்த ஆண் பெரும்பாலும் ஓவியத்துக்கு வெளியே நிற்பவன். இராமநாதபுரத்திலோ ஓவியத்தின் உள்ளேயே அமர்ந்திருக்கிறார். பெண்களின் பார்வையெல்லாம் தன்மேல் விழுவதைத் தன் அறைச் சுவரில் அவரே பார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சுவரை 1710ஆம் ஆண்டோடு சேர்த்துப் படிக்கவேண்டும். அந்த ஆண்டு முதுமையில் இறந்தார் கிழவன் சேதுபதி. அவருடைய மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறியதாக யேசு சபைப் பாதிரியார் மார்ட்டினின் கடிதம் சொல்கிறது. அரண்மனையின் இன்ப வாழ்வு என்று நாம் ரசிக்கும் ஓவியங்கள் இந்தத் தீக்குப் பின் வந்தவை. அடுத்த மன்னரின் சுவரில் மறுபடியும் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கூட்டமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கூட்டமாக எரிவதும் ஒரு சடங்காகத் தெரிந்திருக்கும்.

இதே சேதுபதி மரபில் 1730இல் பிறந்தவர் வேலுநாச்சியார். 1772இல் காளையார்கோவிலில் கணவரை இழந்தும் சிதை ஏறவில்லை. ஐதர் அலியின் துணையோடு படை திரட்டி 1780இல் சிவகங்கையை மீட்டார். இன்று நாம் காணும் அவர் முகமெல்லாம் பிற்காலக் கற்பனை. 2008இல் வந்த அஞ்சல்தலையில் இருப்பதும் அப்படித்தான். வாளேந்தி நாடாண்டவரின் முகம் நமக்குக் கிடைக்கவில்லை. வெற்றிலைத் தட்டு ஏந்தியவர்களின் முகங்கள் கிடைத்தும், அவர்கள் யாரென்று தெரியவில்லை.

ஓவியம் அழகாக இருக்கிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. அந்த நீலமும் சிவப்பும் கண்ணைப் பறிப்பவைதான். ஆனால் அழகைச் சொல்லி முடித்தபின் பெண்களாகிய நாம் கேட்கவேண்டியது மிச்சம் இருக்கிறது. யார் வரையச் சொன்னார், யார் பார்க்க, இவள் பெயர் என்ன? பதில் கிடைக்காத இடத்திலும் கேட்கவேண்டும். வரலாற்று நூல்களில் '47 மனைவியர்' என்று வாசிக்கும்போது ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு தாய் பெயரிட்டிருப்பாள்.