திரேசிய முஸ்லிம்களின் வாரிசுரிமையும் 1913ஆம் ஆண்டு உடன்படிக்கையும்

கிரேக்க நாட்டின் மேற்குத் திரேஸ் பகுதியில் வாழும் முஸ்லிம் சிறுபான்மையினருக்கு ஷரீஅத் வாரிசுரிமை கட்டாயச் சட்டம் என்றும், அக்கட்டாயம் சர்வதேச உடன்படிக்கைகளிலிருந்தே பிறந்தது என்றும் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் வியாக்கியானம் செய்தது. அது பிரமாணமாகக் காட்டிய 1913ஆம் ஆண்டு ஏதென்ஸ் உடன்படிக்கையே அம்முடிவுக்கு இடங்கொடுக்கவில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

வழக்கு, மொல்லா சாலி வழக்கென்று பிரசித்தமானது. கொமோட்டினி நகரத்து முஸ்லிம் ஒருவர் 2003இல் நோட்டரி முன்னிலையில், சிவில் சட்டப்படி, தம் சொத்து முழுவதையும் மனைவிக்கு எழுதிவைத்து, 2008இல் காலமானார். இறந்தவருடைய சகோதரிகள் தொடுத்த வழக்கில் கீழ்க்கோர்ட்டுகள் இரண்டும் உயில் செல்லுமென்றன. உச்ச நீதிமன்றமோ ஷரீஅத்தே பொருந்தும் என்று அதைத் தள்ளிற்று. பிள்ளையில்லாத விதவைக்கு ஷரீஅத் வகுத்த பங்கு நாலில் ஒன்றாதலால், அம்மாதுக்கு எழுதிவைத்ததில் முக்கால் பங்கு கைவிட்டுப் போயிற்று.

ஏதென்ஸ் உடன்படிக்கையின் 11ஆம் ஷரத்தைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். திருமணம், விவாகரத்து, ஜீவனாம்சம், இஸ்லாமிய உயில்கள் முதலியவற்றில் முஃப்தி என்ற மார்க்க அதிகாரிக்கு அதிகாரம் தந்த அந்த ஷரத்து, வாரிசுரிமையை மட்டும் தனியே பிரித்து, சம்பந்தப்பட்ட முஸ்லிம்கள் முன்கூட்டி ஒப்புக்கொண்டால் முஃப்தியை மத்தியஸ்தராகக் கொள்ளலாம் என்கிறது. வேறுவிதமாக அவர்கள் உடன்பட்டாலன்றி, அவருடைய முடிவின்மேல் உள்ளூர்க் கோர்ட்டுகளில் அப்பீலும் உண்டென்கிறது. நோட்டரி முன் சிவில் சட்டப்படி எழுதிய சாசனத்தை இஸ்லாமிய உயில் என்று கொள்வதற்கும் நியாயமில்லை. 11ஆம் ஷரத்து விசாரிக்கும் அதிகாரியைப் பற்றிய விதியேயன்றி, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைப் பற்றிய விதியன்று என்று ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபம் வலிதே. ஆயினும், வாரிசுகள் விரும்பினாலன்றி முஃப்தியிடம் போகவே தேவையில்லை என்று விதித்தவர்கள், முஃப்தியின் சட்டத்தை மட்டும் விரும்பாதவர் தலையிலும் சுமத்த எண்ணியிருப்பார்கள் என்பது நம்பத்தக்கதன்று.

1923ஆம் ஆண்டு லோசான் உடன்படிக்கையின் 42ஆம், 45ஆம் ஷரத்துக்களும் குடும்பச் சட்ட விவகாரங்களைச் சிறுபான்மையினரின் வழக்கப்படி தீர்க்க வசதி செய்யவேண்டும் என்கின்றனவேயன்றி, வாரிசுரிமையைப் பெயர் சுட்டிச் சொல்லவுமில்லை, கட்டாயத்தை விதிக்கவுமில்லை. 1991ஆம் ஆண்டுக் கிரேக்கச் சட்டமோ, உயிலில்லாத வாரிசுரிமையையும் முஃப்தியின் அதிகாரத்தில் சேர்த்துவிட்டது. மத்தியஸ்தம் அதிகாரமாக மாறியதற்கு ஒரே ஓர் ஆண்டைக் குறித்து அறுதியிட முற்படேன். சட்டமும் கோர்ட்டு வழக்கமும் சிறிது சிறிதாகவே அதைச் செய்தன என்று கொள்வது பொருத்தம்.

அவ்விதவையின் முறையீட்டின்மேல் ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் 2018 டிசம்பர் 19இல், லோசான் உடன்படிக்கை ஷரீஅத்தைக் கட்டாயப்படுத்தவில்லை என்று கண்டு, மதத்தை முன்னிட்ட பாரபட்சம் நிகழ்ந்ததாக ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினன் என்ற விசேஷ ஸ்தானத்தை வேண்டாமென மறுக்கவும் ஒருவனுக்கு உரிமையுண்டு என்றது. அதே ஆண்டு ஜனவரியிலேயே கிரேக்கம், 4511ஆம் எண் சட்டத்தால் சிவில் சட்டத்தைப் பொதுவிதியாக்கி, சொத்துடையவர் நோட்டரி முன் விரும்பிக் கேட்டால் மட்டுமே ஷரீஅத் என்று வகுத்திருந்தது. பலர் எண்ணக்கூடியபடி இது 1913க்குத் திரும்பியதாகாது: அன்று கேட்கப்பட்டது உயிரோடிருக்கும் வாரிசுகளின் சம்மதம், இன்று கேட்கப்படுவது இறக்கப்போகிறவரின் சம்மதம். மகளோ மனைவியோ உடன்படாதபோதும் அவர் செய்த பிரகடனம் அவர்களைக் கட்டுப்படுத்தும் என்றால், ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்பு அந்த விதவைக்கு அளித்த பரிகாரம் அவர்களுக்கும் கிட்டுமா என்பது இனித் தீரவேண்டிய கேள்வி.