உலாவிக் கடத்தி

உலாவிக் கடத்தி என்பது, இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டோ தீய விளம்பரத்தின் வழியாகவோ கணினியில் நுழைந்து, உலாவியின் முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றி, பயனரை விளம்பரத் தளங்களுக்குத் திருப்பிவிடும் நிரலாகும். 2017 ஜூனில் செக் பாயின்ட் நிறுவனம் வெளிப்படுத்திய ‘ஃபயர்பால்’ என்னும் உலாவிக் கடத்தி உலகெங்கும் 25 கோடிக் கணினிகளைத் தொற்றியதாகவும், அவற்றுள் 2.53 கோடி இந்தியாவில் இருந்ததாகவும் அந்நிறுவனம் மதிப்பிட்டது. மைக்ரோசாஃப்ட் இக்கணக்கை மிகையென்றது.

பெங்களூரு எஸ்.பி. சாலைக் கடைகளில் கைமாறும் பழைய கணினிகளில் விண்டோஸ் 7 இருக்குமாயின் இடர் கூடும். அதற்கான குரோம் உலாவி 2023-இல் 109-ஆம் பதிப்போடு நின்றுவிட்டதால், பின்னர் தெரியவந்த ஓட்டைகள் அதில் அடைபடுவதில்லை. தொற்றிய கணினியில் ஐயத்துக்குரிய நீட்சிகளை, அதாவது உலாவியோடு இணையும் துணைநிரல்களை, நீக்கி, அமைப்புகளைத் தொடக்கநிலைக்கு மீட்டபின், திரையிலுள்ள உலாவிக் குறுவழியின் இலக்கு வரியில் செருகப்பட்ட முகவரியையும் அழிக்க வேண்டும். இந்தப் படியைப் பலரும் தவறவிடுவதால் நீக்கிய பக்கம் மறுபடியும் தலைகாட்டுகிறது. இந்தியக் கணினி அவசரநிலைச் செயற்குழு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரா, துப்புரவுக் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.