சந்தனமும் கடலட்டையும்: 2001இல் எதிரெதிரே திரும்பிய இரு சட்டங்கள்

சந்தன மரத்தையும் கடலட்டையையும் ஒருசேர ஆராய்வது முதற்பார்வையில் பொருந்தாததாகத் தோன்றலாம். எனினும் இரண்டும் தென்னிந்தியாவிலிருந்து நெடுங்காலமாக அயல்நாட்டுச் சந்தைக்குச் சென்றவை. இரண்டும் முழுமையாக எடுக்கப்பட்டே விலைபெறுபவை. சந்தனத்தின் வேரிலும் எண்ணெய் உண்டு. ஆகவே அதனை வெட்டுவதில்லை, அகழ்ந்தெடுப்பர். இவ்விரண்டின்மீதும் அரசு கொண்ட அதிகாரத்தை ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1792இல் திப்பு சுல்தான் மைசூரில் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக அறிவித்தார். (இதனை ‘அரச மரம்’ எனப் பெயர்த்தால் தமிழில் வேறொரு மரமாகிவிடும்.) பின்வந்த ஆட்சிகளும் அவ்வுரிமையைக் கைவிடவில்லை. தம் நிலத்தில் தானே முளைத்த மரமும் தமதன்று என்ற நிலையில், உழவர் கன்றைப் பேண முனையவில்லை. மரம் அவர்களுக்குக் காவற்சுமையாகவே எஞ்சியது. கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் வனச் சட்டத்தைத் திருத்தி, மரத்தின் உரிமையை நிலவுடைமையாளர்க்கு அளித்தன.

கடலட்டையின் வரலாறு எதிர்த்திசையில் சென்றது. 1917இல் ஜேம்ஸ் ஹார்னெல் இத்தொழிலின் வரலாற்றையும் அது மீண்டும் தலையெடுத்ததையும் சென்னை மீன்வளத் துறை வெளியீட்டில் எழுதினார். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா மீனவர் முக்குளித்து எடுத்த அட்டையை அவித்து, மணலில் புதைத்து, மேற்றோல் நீக்கி, உலர்த்தி விற்றனர். 1982இல் மூன்று அங்குலத்திற்குக் குறைந்த உலர் அட்டையின் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. அவித்து உலர்த்தினால் உடல் பெரிதும் சுருங்கும். அத்தகைய அளவுகோல் கடலடியில் கைநீட்டுவோர்க்கு எவ்வாறு உதவும்? 2001இல் கடலட்டை இனங்கள் யாவும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கு நிகராக, சேர்க்கப்பட்டன. அக்கரையில் இலங்கையிலோ உரிமம் பெற்று அதனைப் பிடிக்கலாம். ஒரே கடலில் ஒரு கரையில் தொழிலாக இருப்பது மறுகரையில் குற்றமாயிற்று.

தடைக்கு உயிரியல் அடிப்படை இல்லாமலில்லை. கடலட்டை முட்டையையும் விந்தையும் நீரிலேயே விடுகிறது. எண்ணிக்கை குன்றி இடைவெளி மிகுந்தால் கருவுறுதல் அரிதாகும். ஆனால் 1988இலேயே தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் வெள்ளைக் கடலட்டையின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உருவாக்கியிருந்தது. சந்தனத்தில் காட்டு மரம் வேறு, வளர்த்த மரம் வேறு எனப் பிரித்துக் காண முடிந்த அரசு, இங்கு அவ்வேறுபாட்டிற்கு இடமளிக்கவில்லை. என் கருத்தில் காரணம் உயிரியலைவிட உடைமையில்தான் உள்ளது: சந்தனம் நிற்கும் நிலத்திற்குப் புல எண் உண்டு, பட்டா உண்டு, கடலட்டை கிடக்கும் சேற்றுத்தரைக்கு அவை இல்லை.